மருந்தடிக்கிற மெசின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுக்கவில்லை. டூ ஸ்ட்ரோக் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மல்லாவி வயல்:

வணக்கம். வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் செய்கிறேன். முதுகில் போட்டு மருந்து அடிக்கிற எஞ்சின் ஸ்பிரேயர் ஒன்று இருக்கிறது, டூ ஸ்ட்ரோக். போன காலபோகத்தில் தம்பி அவசரத்தில் வாட்டர் பம்ப்புக்கு வைத்திருந்த வெறும் பெற்றோலை இதற்குள் ஊற்றிவிட்டான். கால் மணித்தியாலம்கூட ஓடவில்லை, கிரீச் என்று ஒரு சத்தத்தோடு நின்றது, கயிறு இழுக்கவே முடியவில்லை. டவுனில் கொடுத்து பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் மாற்றினேன், நல்ல செலவு. அந்தப் பயத்தில் இப்போது ஒரு லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் அளவில் ஓயில் கலக்கிறேன், குறையவே விடுவதில்லை.

இரண்டு கிழமையாகப் பிரச்சினை. இரண்டு மூன்று இழுவையில் ஸ்டார்ட் ஆகும், சும்மா விட்டால் ஓடும். திராட்டிலைக் கூட்டினால் ஏறாது, டர்ர்... டர்ர்... என்று விட்டு விட்டுச் சத்தம், காற்றே இல்லை. மருந்து தூறலாகப் போகாமல் துளியாக விழுகிறது. சைலன்சர் வாயில் கறுப்பாக எண்ணெய் வடிகிறது. பிளக்கைக் கழற்றினால் அதுவும் கறுப்பு, ஈரம். புதுப் பிளக் போட்டேன், அரை நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். வயலில் அறக்கொட்டிப் பூச்சி தொடங்கிவிட்டது, நாள் கடத்த முடியாது. வாட்டர் பம்ப்பும் பெற்றோல் எஞ்சின்தானே, அது ஐந்து வருடமாக ஒரு கரைச்சலும் தராமல் ஓடுகிறது, இது மட்டும் ஏன் இப்படி?

ஒட்டுசுட்டான்:

காபரேட்டர்தான் அண்ணா. பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்குரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பிப் பாருங்கள், பெற்றோல் குறையும், பிளக் காயும். எங்கள் புல்லு வெட்டுற மெசினுக்கு அப்படித்தான் செய்தோம்.

பரந்தன் மெக்கானிக்:

தம்பி மல்லாவி, அந்த ஸ்குரூவைத் தயவுசெய்து தொட வேண்டாம். இப்போதே ஒரு பிஸ்டனுக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள். பெற்றோலைக் குறைத்தால் கூடவே ஓயிலும் குறையும், சூடு ஏறும், இரண்டாவது பிஸ்டனும் போகும்.

முதலில் மூன்று விசயம் சொல்லுங்கள். பிளக்கைப் பூட்டியபடி ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஓரிடத்தில் தடுத்துப் பிடித்து வருகிறதா, அல்லது சும்மா வழுக்கி வருகிறதா? ஓடும்போது சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்தால் புகை அடித்துக்கொண்டு வருகிறதா, சோம்பிக்கொண்டு வருகிறதா? கலக்கிறது என்ன ஓயில், எங்கே வாங்கியது?

மல்லாவி வயல்:

கயிறு நன்றாகத் தடுத்துத்தான் வருகிறது. புகை நிறைய வருகிறது, ஆனால் அடிப்பு இல்லை, அடுப்புப் புகை மாதிரி மெல்ல வருகிறது. ஓயில் வாங்கவில்லை, டிராக்டருக்கு மாற்ற வாங்கிய எஞ்சின் ஓயிலில் மிச்சம் இருந்தது, புதுசு, பாவித்ததில்லை. அதைத்தான் கலக்கிறேன்.

பரந்தன் மெக்கானிக்:

சரி, அப்படியென்றால் எஞ்சின் பழுதில்லை, மூச்சு அடைபட்டிருக்கிறது. சைலன்சரையும் அது பூட்டியிருக்கிற ஓட்டையையும் கரி மூடியிருக்கும். கழற்றிப் பார்க்காமலே சொல்கிறேன், கழற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது விளங்கினால் இந்த இரண்டு பழுதும் விளங்கும். வாட்டர் பம்ப் ஃபோர் ஸ்ட்ரோக். பிஸ்டன் ஒருமுறை இறங்கிக் காற்றும் பெற்றோலும் இழுக்கும், ஏறி நெருக்கும், பிளக் அடித்ததும் தள்ளப்பட்டு இறங்கும், திரும்ப ஏறிப் புகையை வெளியே தள்ளும். கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றுகிற அடித்தண்டு, இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே விடவும் வெளியே விடவும் வால்வு இருக்கிறது. கீழே ஓயில் தனியாகக் குளம் மாதிரிக் கிடக்கிறது, அதனால் பெற்றோலுக்குள் ஓயில் தேவையில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் வெட்டிய ஓட்டைகள்தான், பிஸ்டனே ஏறி இறங்கி அவற்றை மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது மேற்பக்கம் நெருக்குகிறது, அதே நேரம் அடிப்பக்கம் கிராங்க் பெட்டிக்குள் புதுக் கலவையை இழுக்கிறது. வெடித்துக் கீழே வரும்போது அடியில் இருக்கிற கலவையை அமுக்குகிறது. அடிக்குக் கிட்ட வந்ததும் முதலில் புகை போகிற ஓட்டை திறக்கும், புகை பாயும், அடுத்த கணம் பக்கத்து ஓட்டை திறந்து அமுங்கியிருந்த புதுக் கலவை மேலே ஏறி மிச்சப் புகையையும் தள்ளும். உங்கள் கலவை கிராங்க் பெட்டிக்குள்ளால்தான் போகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே ஓயில் குளம் வைத்தால் எல்லாம் சேர்ந்து எரிந்துவிடும். அதனால்தான் பெற்றோலோடு கலந்து அனுப்புகிறோம், போகிற வழியில் பெயரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு அது எரிந்து போகிறது. தம்பி வெறும் பெற்றோல் ஊற்றினது, வாட்டர் பம்ப்பில் ஓயிலை முழுதாக இறக்கிவிட்டு ஓட்டினதற்குச் சமம்.

இப்போதைய பழுதுக்கும் காரணம் இதே அமைப்புத்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகையைத் தள்ள பிஸ்டனுக்கு ஒரு முழு ஏற்றம் இருக்கிறது. சைலன்சர் கொஞ்சம் அடைபட்டாலும் முக்கித் தள்ளிவிடும். டூ ஸ்ட்ரோக்குக்கு அப்படித் தனி வேலை இல்லை, பிஸ்டன் அடியில் நிற்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குள் பழசும் போக வேண்டும் புதுசும் வர வேண்டும். அது நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால் ஒரு செக்கனுக்கு நூறு தடவை. போகிற ஓட்டை பாதி மூடியிருந்தால் புகை உள்ளேயே தங்கும், புதுசு வர இடமில்லை. ஒரு சுற்று வெடிக்காமல் போய் அடுத்த சுற்றில் வெடிக்கும். நீங்கள் எழுதிய டர்ர்... டர்ர்... அதுதான்.

வவுனியா விஞ்ஞான வாத்தியார்:

மெக்கானிக் ஐயா சொன்னது மிகச் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜெர்மனியில் நிக்கொலஸ் ஓட்டோ என்பவர் 1876இல் செய்து காட்டிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனின் மேற்பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. இங்கிலாந்தில் ஜோசப் டே 1891இல் அடிப்பக்கத்தையும் பம்ப்பாக வேலை வாங்கினார். அடுத்த வருடம் அவரிடம் வேலை செய்த ஃபிரெடெரிக் கொக் அதில் இருந்த வால்வையும் எடுத்துவிட்டார், பிறகு பிஸ்டன், இணைக்கிற தண்டு, கிராங்க், இந்த மூன்றுதான் அசைகிற பாகம். உங்கள் முதுகில் இருக்கிற மெசின் இன்றைக்கும் அந்த வழியில்தான் மூச்சு விடுகிறது. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும், இரண்டு மடங்கு வெடித்தால் இரண்டு மடங்கு பலம் வர வேண்டுமே என்று. வராது. புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சேர்ந்து ஓடிவிடும். டூ ஸ்ட்ரோக் பெற்றோல் குடிக்கிறது அதனால்தான். பழைய முச்சக்கர வண்டிகள் புகைத்தது கலவையில் இருந்த ஓயிலால்.

முல்லைக் கரை:

நாங்கள் கடலுக்குப் போகிற ஆட்கள், டூ ஸ்ட்ரோக் வெளியிணைப்பு எஞ்சினோடுதான் சீவியம். அதே குதிரைவலுவில் ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் மிச்சம் பிடிக்கும், ஆனால் பாரம் கூட, கரையில் இருந்து தோளில் தூக்கிப் போகிறவனுக்கு அது தெரியும். மல்லாவி அண்ணா, டிராக்டர் ஓயில் வேண்டவே வேண்டாம். அது எரிவதற்குச் செய்ததில்லை, எரிந்தால் சாம்பல் விடும். டூ ஸ்ட்ரோக்குக்கென்று டூ டி ஓயில் தனியாக இருக்கிறது. அதிலும் ஒரு கவனம், எங்கள் படகு எஞ்சின் ஓயிலைச் சொந்தக்காரர் யாரும் தந்தால் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். படகு எஞ்சினைத் தண்ணீர் குளிரவைக்கிறது, உங்களுடையது காற்றில் குளிர்கிறது, சூடு மிகவும் கூட. கடையில் காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

மல்லாவி வயல்:

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் ஓயில் கூடினாலும் கெடுதிதானா? கூடினால் பாதுகாப்பு என்றுதான் நினைத்தேன்.

பரந்தன் மெக்கானிக்:

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காபரேட்டர் ஜெட் ஓட்டைக்குள்ளால் ஒரு அளவுதான் வரும். அந்த அளவுக்குள் ஓயில் கூடினால் பெற்றோல் குறையும். எரியாத ஓயில் கரியாக ஒட்டும், ரிங்கும் தவாளிப்புக்குள் இறுகும். உங்கள் மெசின் டாங்கி மூடியிலோ புத்தகத்திலோ விகிதம் இருக்கும். 25க்கு 1 என்றால் லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. நீங்கள் ஊற்றுவது 10க்கு 1.

கரி எடுக்கும் விதம் சொல்கிறேன். மருந்துத் தாங்கியைக் கழுவி, பெற்றோலை முழுதாக இறக்கி, மெசினை வெளியில் வைத்துச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு சைலன்சரைக் கழற்றுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் மேலே வந்து ஓட்டையை முழுதாக மூடுகிற இடத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சுரண்டுகிற கரி சிலிண்டருக்குள் விழும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பிஸ்டனில் ஒரு கீறல் விழுந்தாலும் கவலைதான். பனை மட்டையைச் சீவி உளி மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், அது கரியை எடுக்கும், அலுமினியத்தைக் கீறாது. சைலன்சருக்குள் வலை இருந்தால் கம்பித் தூரிகையால் தேயுங்கள். வெறும் இரும்புச் சைலன்சர் என்றால் விறகு நெருப்பில் போட்டுக் கரியை எரித்து, ஆறினபிறகு தட்டுங்கள்.

கிளிநொச்சி பழைய ஆள்:

இதைப் பார்க்கப் பழைய ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அது ஃபோர் ஸ்ட்ரோக், எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால் ஒழுகிக் கீழே ஓயிலோடு சேரும், ஓயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஓயில் கம்பியை எடுத்து விரலால் தேய்த்து மணந்து பார்த்துத்தான் பயணம் போவோம். டூ ஸ்ட்ரோக்கில் கீழே நிற்கிற ஓயில் இல்லை, அதனால் அந்தக் கரைச்சல் இல்லை, கலவையை மட்டும் கவனித்தால் போதும்.

மல்லாவி வயல்:

இன்று காலை கழற்றினேன். சைலன்சரை எடுத்ததும் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை, சுண்டு விரல் நுனி போகிற அளவுக்கு நடுவில் ஒரு துவாரம், சுற்றிவரக் கரி கட்டி, அரை அங்குலத் தடிப்பு இருக்கும். மேலே பிசுபிசுப்பு, உள்ளே சிரட்டைக்கரி மாதிரிக் கெட்டி. மட்டையால் சுரண்ட ஒரு மணித்தியாலம் எடுத்தது, உள்ளங்கை நிறையக் கரி வந்தது. பிஸ்டன் பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தேன், கீறல் இல்லை. சைலன்சரை அடுப்பில் போட்டேன், நல்ல நேரம் புகைந்தது, ஆறவிட்டுத் தட்டினால் தகடு தகடாகக் கொட்டியது.

டாங்கி மூடியில் 25க்கு 1 என்று அச்சடித்திருக்கிறது. இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. டூ டி ஓயில் வாங்கி, பாணி மருந்துப் போத்தலோடு வருகிற அளவுக் கோப்பையில் 40 அளந்து கலக்கினேன். இரண்டாவது இழுவையில் பிடித்தது. திராட்டிலைக் கூட்ட ஒரே சீராக ஏறியது, முற்றத்துக் குப்பை வேலி வரைக்கும் பறந்தது. பின்னேரம் ஒரு ஏக்கர் அடித்து முடித்துவிட்டேன், மற்ற இரண்டும் நாளை விடிய.

பரந்தன் மெக்கானிக்:

சந்தோசம் தம்பி. பத்து டாங்கி ஓடினபிறகு பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், செங்கல் நிறத்துக்கோ மண் நிறத்துக்கோ வந்திருந்தால் கலவை சரி. போகம் முடிந்து மூலையில் வைக்கும்போது டாங்கியில் இருக்கிற கலவையை இறக்கிவிட்டு, காபரேட்டரில் மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு வையுங்கள். விடியக் காற்று எழும்ப முன்னம் அடியுங்கள், முகத்தைக் கட்டிக்கொண்டு.