புதுப்பிப்பு: பழைய கார் வடிவத்தில் பாடி கட்டினால் வழக்கு வருமா?

பழைய ஜீப் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல், 1960-களின் ரோட்ஸ்டர் (கூரையில்லாத இரண்டு சீட் கார்) ஒன்றைப் போலவே ஃபைபர் பாடி கட்டினால் கம்பெனிக்காரர்கள் வழக்குப் போடுவார்களா என்று இங்கே கேட்டிருந்தேன். டிசைன் பதிவு வழக்குகள் பார்க்கும் கோவை வக்கீல் ஒருவரிடம் பேசியாயிற்று.

வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி பதிவுக்கு ஆயுள் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அவ்வளவுதான்; 60-களின் வடிவத்துக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். அதோடு 22-ஆம் பிரிவு தடுப்பது விற்பனைக்காக நகலெடுப்பதைத்தான். சொந்த ஓட்டத்துக்கு ஒன்று கட்டுவதை அல்ல. ஆனால் பாடிக்கு அச்சு (மோல்டு) எடுத்து நாலு பேருக்கு விற்கலாம் என்று ஆசைகாட்டிய கரூர் நண்பருக்கு (பஸ் பாடி கட்டும் ஊர்க்காரர், கை சும்மா இருக்காது) ஒன்று சொல்லிவிடுகிறேன்: லோகோவும், சில கார்களில் முகப்பு கிரில்லும்கூட வணிகக்குறி (டிரேட்மார்க்). அதற்கு 15 ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஜீப் சாயல் இருக்கிறதென்று மஹிந்திராவின் ராக்ஸர் வண்டிக்கு 2020-இல் அமெரிக்காவில் தடை வந்ததே!

உண்மையான முட்டுக்கட்டை ஆர்டிஓ ஆபீஸில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. சரி, பாடி கட்டத்தான் போகிறேன். பொள்ளாச்சி ரோட்டில் ஓட்ட அல்ல, தோட்டத்துக்குள் ஓட்ட. கிரில்லை மட்டும் நானே வரைந்துகொள்கிறேன்.