செஞ்சிக்கோட்டை: ராஜகிரியில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி

மலைநடையன்:
தை மாதத்தில் ராஜகிரி ஏறினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின்மேல் கிடக்கும் பாலத்தில் மூச்சு வாங்க நின்றபோது, கமலக்கண்ணியம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலே வந்த ஒரு பாட்டி, "ராசா எந்தப் பக்கமா தம்பி இறங்கிப் போனாரு?" என்று கேட்டார். 300 ஆண்டுகளுக்கு முன் மாண்ட தேசிங்கை, காலையில் வீட்டைவிட்டுப் போன பிள்ளையைப் போல் விசாரித்த அந்தக் குரலுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், கல்யாண மகால் தெரிந்த திசையைக் காட்டினேன். போருக்குப் போகாதே என்று அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உச்சிக் கோயிலில்தானே என்றார், தலையாட்டிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

பழங்கல்:
தவறாகத்தான் தலையாட்டியிருக்கிறீர்கள். அந்தக் கதை, செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரைப் பற்றியது. தேசிங்கு ஆண்டது ஓராண்டுகூட இல்லை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். கோன் மரபினர் தொடங்கி நாயக்கர்கள் வளர்த்த கோட்டையை 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டுதான் முகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கினார், 1698இல்தான் கோட்டை விழுந்தது. ஆனால் விடிய விடியக் கூத்தில் ஆடப்படுபவன் தேசிங்குதான், ராஜாராமைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டும் நான் கேட்டதில்லை. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமானதும் மராத்தியரின் 12 கோட்டைகளில் ஒன்றாகத்தான். தமிழ்நாட்டில் இது மட்டுமே அந்த வரிசையில் இருக்கிறது. என் அனுபவம் சிறியது: புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்த கருங்கல் தூண்களில் சாய்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, அவை செஞ்சியிலிருந்து பெயர்த்து வந்தவை என்று நண்பர் சொன்னார். மீதிச் சுண்டல் இறங்கவில்லை.

கிழக்குவாசல்:
வரலாறு இருக்கட்டும். ஏறுபவர்கள் காலையிலேயே தொடங்குங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும்; தண்ணீரைப் பைக்குள் வையுங்கள், கையில் பிடித்தால் குரங்கு பறித்துவிடும்; முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்க்கோட்டையில் களஞ்சியம், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படித்தான் நிறுத்தினேன். களஞ்சியத்துக்குள் என் இருமல் எனக்கே திரும்பி வந்தது.

மலைநடையன்:
பழங்கல் ஐயா, செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து சிங்கவரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா?