இது வண்டா, வேறு எதுவா? ஆறு படங்கள் போட்டிருக்கிறேன்

ஈரச்சட்டை:
மூன்று நாளாக மண்டை காய்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். போர்னியோவில் கினபாலு மலையின் அடிவாரக் காட்டில் நடந்துகொண்டிருந்தேன். சுமார் 1500 மீட்டர் உயரம், காலையிலிருந்து விடாத தூறல். தடத்துக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து மக்கிக் கிடந்தது. தாண்டுவதற்குக் காலைத் தூக்கியபோதுதான் பட்டையின் மேல் இதைப் பார்த்தேன். யாருடைய பையிலிருந்தோ அறுந்து விழுந்த தோல் துண்டு என்று நினைத்தேன். அப்புறம் அது நகர்ந்தது.

நீளம் என் சுண்டுவிரல் அளவு. தட்டையான உடல். முன்பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அகன்ற தகடுகள். அதற்குப் பின்னால் குறுகிக்கொண்டே போகும் கண்டங்கள், ஒவ்வொன்றின் இரு ஓரத்திலும் முள் மாதிரி நீட்டல். கறுப்புக்கும் காப்பிக்கொட்டை நிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம், ஓரங்களில் மட்டும் ஆரஞ்சு. தலை இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், காணோம். நடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு சாண் தூரம் போவதற்குள் நான் கொண்டுபோன டீ ஆறிவிட்டது.

கூட வந்தவர் வண்டு என்று சாதிக்கிறார். சிறகே இல்லாத வண்டு உண்டா? எனக்கு என்னவோ பாடப்புத்தகத்தில் பார்த்த ட்ரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரினத்தின் புதைபடிவம்தான் நினைவுக்கு வந்தது. சிரிக்காதீர்கள்.

குண்டூசி:
இதில் யோசிக்க ஒன்றுமில்லை, மரவட்டை. ஈரக்காடுகளில் தட்டையான மரவட்டைகள் நிறைய உண்டு, அவற்றுக்கும் ஓரம் இப்படித்தான் துருத்திக்கொண்டிருக்கும். ட்ரைலோபைட் அழிந்து 25 கோடி ஆண்டு ஆகிறது, அதை விடுங்கள்.

இரவுலாந்தர்:
மின்மினியின் புழு மாதிரி தெரிகிறது. அதுவும் தகடு தகடாகத்தான் இருக்கும். இருட்டில் பார்த்தீர்களா? வால் நுனியின் அடிப்பக்கம் இரண்டு புள்ளி ஒளிர்ந்தால் அதேதான்.

பழைய பூதக்கண்ணாடி:
தம்பி, ஆறு படமும் ஒரே படம்தான். எல்லாமே மேலிருந்து எடுத்தது, எல்லாவற்றிலும் ஃபிளாஷ் அடித்து முதுகு பளபளக்கிறது, பக்கத்தில் அளவு காட்ட ஒரு ஸ்கேல்கூட இல்லை. உங்கள் சுண்டுவிரல் எவ்வளவு நீளம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதை முடிவுசெய்யப் போவது முதுகு இல்லை, வயிறு. மரவட்டை என்றால் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடிக் கால் வீதம் உடல் நெடுக இருக்க வேண்டும். பூச்சி என்றால் ஆறே கால், அதுவும் முன்பக்கத்து அந்த மூன்று தகடுகளின் அடியில் மட்டும். இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் மறுபடி போய்ப் பாருங்கள். கையால் புரட்ட வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் மூடி ஒன்றை அது போகிற வழியில் வையுங்கள், தானாக ஏறும். மூடியைத் தூக்கிக் கீழிருந்து எடுங்கள். எடுத்ததும் அதே மரத்தில் விட்டுவிடுங்கள். அது தேசியப் பூங்கா, எதையும் கொண்டுவரக் கூடாது.

ஈரச்சட்டை:
ஐயா சொன்னபடி செய்தேன். அதே மரம்தான். முதலில் பார்த்த இடத்திலிருந்து முழம்கூடத் தள்ளியிருக்கவில்லை, அதேதான் இது என்று நினைக்கிறேன். சாப்பாட்டு டப்பாவின் மூடியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏறுவதற்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குள் இரண்டு அட்டை என் மேல் ஏறிவிட்டன, அவற்றை யாரும் அழைக்கவில்லை.

புதுப் படங்களைப் பாருங்கள். கால் ஆறு, எல்லாம் முன்பக்கம்தான். பக்கத்தில் ஸ்கேல் வைத்தேன், 52 மில்லிமீட்டர். இன்னொன்று: முதல் தகட்டுக்கு அடியிலிருந்து கடுகளவு ஒன்று வெளியே வந்து இரண்டு பக்கமும் துழாவிவிட்டு உள்ளே போய்விட்டது. அதுதான் தலையா? இவ்வளவு உடம்புக்கு இவ்வளவு தலையா? சாயங்காலம் வெளிச்சம் போனபிறகும் நின்று பார்த்தேன், எதுவும் ஒளிரவில்லை.

குண்டூசி:
சரி, மரவட்டை இல்லை. வாபஸ்.

பழைய பூதக்கண்ணாடி:
இப்போது பேசலாம். உங்கள் நினைப்பு அவ்வளவு தப்பில்லை, இதற்குப் பெயரே ட்ரைலோபைட் வண்டுதான். சாயலைத் தவிர அந்தப் புதைபடிவத்தோடு எந்த உறவும் கிடையாது. வலைச்சிறகு வண்டுகள் என்கிற லைசிடே குடும்பம், பிளாட்டெரோட்ரிலஸ் பேரினம். நீங்கள் தலை என்று தேடிய இடத்தில் இருப்பது மார்பின் முதல் தகடு. தலை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

மின்மினிப் புழு என்று சொன்னவரையும் குறை சொல்ல மாட்டேன், இரண்டும் தூரத்து உறவு. ஆனால் மின்மினிப் புழுவுக்கு அரிவாள் மாதிரித் தாடை இருக்கும், நத்தையைப் பிடித்துத் தின்னும். இதற்குக் கடிக்கிற வாயே இல்லை. மக்கிய மரத்தில் ஊறும் சாற்றை உறிஞ்சிக் காலம் தள்ளுகிறது. ஓடித் துரத்த இரை எதுவும் இல்லாததால்தானோ என்னவோ அந்த நடை.

சிறகு விஷயத்துக்கு வருகிறேன். இந்த இனத்தில் பெண் கடைசிவரை புழு உருவத்திலேயே இருந்துவிடுகிறது. இனப்பெருக்கத்துக்குத் தயாரான பிறகும் சிறகு கிடையாது. ஆணோ சாதாரண வண்டு மாதிரி சிறகோடு பறக்கும், நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கிட்டத்தட்ட நூறு ஆண்டு யாருக்கும் தெரியாமலும் இருந்தது. 1831-இல் பெர்ட்டி என்பவர் இப்படிப்பட்ட புழுக்களைப் பதிவுசெய்தார், ‘பெர்ட்டியின் புழுக்கள்’ என்ற பெயரும் நிலைத்தது. எந்த வண்டின் புழு என்று சொல்லத்தான் ஆள் இல்லை, ஏனென்றால் எவ்வளவு வளர்த்தாலும் அது வண்டாக மாறினால்தானே! சரவாக் அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்வீடன்காரர் எரிக் மியோபெர்க் 1925-இல்தான் புதிர் தீர்ந்தது என்று எழுதினார்.

இரவுலாந்தர்:
அப்படியானால் இது குஞ்சா, முதிர்ந்த பெண்ணா?

பழைய பூதக்கண்ணாடி:
இந்தப் படங்களை வைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் மேல்தோற்றம் ஒன்றுதான். 52 மில்லிமீட்டர் என்பதால் வளர்ந்தது என்று ஊகிக்கலாம், ஊகம் மட்டும்தான். எந்தச் சிற்றினம் என்றும் கேட்காதீர்கள். போர்னியோவில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன, ஆரஞ்சு ஓரத்தை வைத்துப் பெயர் சூட்டுவது முகம் பார்த்துச் சாதகம் எழுதுகிற மாதிரி. 2014-இல் வந்த ஆய்வில்கூட டிஎன்ஏவை ஒப்பிட்டுத்தான் எந்தப் புழுவுக்கு எந்த ஆண் என்று பொருத்தினார்கள். உங்கள் பதிவில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி, உயரம், மக்கிய மரம் என்கிற விவரம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள், பின்னால் யாருக்காவது உதவும்.

ஈரச்சட்டை:
எழுதிவிட்டேன் ஐயா. கூட வந்தவரிடம் தோற்றதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

இரவுலாந்தர்:
ஒரு நிமிடம். புதுப் படங்களில் நான்காவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது மேல் மூலையில் கறுப்பாக, சின்னதாக, ஒரு சென்டிமீட்டருக்குள் ஒன்று இருக்கிறது. ஆணாக இருக்குமோ?

ஈரச்சட்டை:
கை நடுங்கப் பெரிதாக்கினேன். என் ஷூ கயிற்றின் நுனி.