மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் விளையாடுவது எப்படி? (குவெஸ்ட் 2)

நல்லூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இம்முறை நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்திருந்த என் பெரியம்மாவின் மகன், தான் மூன்று ஆண்டுகள் பாவித்த மெட்டா குவெஸ்ட் 2 ஹெட்செட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பெட்டி இல்லை. ஹெட்செட், இரண்டு கொன்ட்ரோலர்கள், சார்ஜர் ஆகியவை ஒரு துணிப்பையில் வந்து சேர்ந்தன.

எனக்கு வலது கண் மைனஸ் 3.75, இடது கண் மைனஸ் 4.25, இடதில் சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் வேண்டிய பவர்) 0.75. கண்ணாடியோடு ஹெட்செட்டை மாட்டினால் பிரேமின் இரு ஓரங்களையும் முகத்தில் படும் பஞ்சு உள்நோக்கி அழுத்துகிறது. அரை மணித்தியாலம் விளையாடிவிட்டுக் கழற்றினால் மூக்கின் இருபுறமும் சிவந்த குழி விழுந்திருக்கிறது. நேற்றுக் கழற்றும்போது கண்ணாடி ஹெட்செட்டுக்குள்ளேயே சிக்கி நின்றுவிட்டது. இழுத்து எடுத்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்; ஹெட்செட்டின் இடது வில்லையில், சரியாக நடுவில், மயிரிழை போல ஒரு கீறல்.

இதைவிட எனக்கு விளங்காத விடயம் ஒன்று உண்டு. திரை கண்ணில் இருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. குறும்பார்வை உள்ளவன் என்பதால் கிட்ட உள்ளவை எனக்குத் தெளிவாகவே தெரியும். படுக்கையில் புத்தகம் வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித்தான் வைக்கிறேன். அப்படியிருக்க, ஹெட்செட்டுக்குள் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் எழுத்துகள் எல்லாம் ஏன் மாவில் கரைத்ததுபோல் கலங்குகின்றன? வாசிப்பதற்கு மட்டும் பிளஸ் 2.00 போடுகின்ற என் அப்பாவோ, 54 வயதில், கண்ணாடியே இல்லாமல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்கிறார். எங்கள் இருவரில் யாருடைய கண்ணில் பிழை?


கோண்டாவில் கிழக்கு:

எனக்கும் குறும்பார்வைதான், மைனஸ் 0.75. கண்ணாடி இல்லாமலேயே இரண்டு ஆண்டுகளாக விளையாடுகிறேன். முதல் சில நாட்கள் பொறுத்துக்கொண்டால் கண் பழகிவிடும்.


கண்ணாடிக்கடை ஐயா:

ஆஸ்பத்திரி வீதிப் பக்கத்தில் 19 ஆண்டுகளாகக் கண்ணாடி பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். விளையாட்டு எனக்குத் தெரியாது, வில்லை தெரியும்.

தம்பி, இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது விளங்கினால் முதலாவதுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். திரை ஐந்து சென்ரிமீற்றரில் இருப்பது உண்மைதான், ஆனால் அந்தத் தூரத்தில் உள்ள எதையும் சாதாரணக் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது என்பதால்தான் நடுவில் ஒரு வில்லையை வைத்திருக்கிறார்கள். பாடசாலையில் படித்த உருப்பெருக்குக் கண்ணாடியை நினைத்துப் பாருங்கள். பொருளைக் குவியத் தூரத்துக்குச் சற்று உள்ளே வைத்தால், பெரிதான மாயவிம்பம் ஒன்று அந்தப் பொருள் இருக்கும் இடத்துக்கு வெகு அப்பால் தோன்றும். ஹெட்செட்டில் நடப்பதும் அதுவே. இன்றைய ஹெட்செட்டுகளில் அந்த விம்பம் பெரும்பாலும் 1.3 மீற்றருக்கும் 2 மீற்றருக்கும் இடையில், மாறாத ஒரு தூரத்தில் நிற்கும். விளையாட்டில் தெரியும் மலை தொலைவில் இருந்தாலும், கையில் பிடித்திருக்கும் வாள் முகத்துக்கு எதிரே இருந்தாலும், கண் குவிய வேண்டிய தூரம் அந்த ஒன்றுதான். கிட்ட வரும் வாளைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும், குவியம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். சிலருக்கு இதனாலேயே கண் களைக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. குறும்பார்வை உள்ளவர் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் வரை தெளிவாகப் பார்ப்பார் என்று அறிய, 1 ஐ அவருடைய பவரால் வகுத்தால் மீற்றரில் விடை வரும். மைனஸ் 4 என்றால் 25 சென்ரிமீற்றர். உங்கள் புத்தகம் அந்த எல்லைக்குள் இருக்கிறது, ஹெட்செட்டின் விம்பம் அதற்கு ஒரு மீற்றருக்கு மேல் அப்பால் இருக்கிறது. கோண்டாவில் தம்பிக்கு மைனஸ் 0.75, ஆகவே 1.33 மீற்றர்; 1.3 மீற்றரில் நிற்கும் விம்பம் அவருடைய எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அவர் கண் பழகவில்லை. பழகுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய ஆலோசனையைக் கேட்டு நீங்கள் பொறுத்துக்கொண்டிருந்தால் தலையிடிதான் மிஞ்சும். உங்கள் அப்பாவுக்கு உள்ளது வெள்ளெழுத்து. தூரப்பார்வை நன்றாக இருக்கும்வரை ஒன்றரை மீற்றர் அவருக்குச் சிரமமில்லை. வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாட்டினால்தான், குவியம் 50 சென்ரிமீற்றருக்கு வந்து, எல்லாம் கலங்கும்.

அடுத்தது பிரேம். கண்ணாடியின் கையின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று இலக்கங்கள் இருக்கும். முதலாவது ஒரு வில்லையின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது கையின் நீளம். பலர் அந்த 140 ஐ முழு அகலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழு அகலம் எழுதப்பட்டிருக்காது. அடிமட்டத்தை வைத்து ஒரு பிணைச்சலில் இருந்து மறு பிணைச்சல் வரை அளக்க வேண்டும். குவெஸ்ட் 2 க்கு அகலம் 142 மில்லிமீற்றருக்கும், உயரம் 50 மில்லிமீற்றருக்கும் மேற்படாத கண்ணாடியே பொருந்தும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. உங்கள் பிரேமை அளந்து சொல்லுங்கள்.

வீட்டு அலுமாரியில் உங்கள் பழைய கண்ணாடி ஏதாவது கிடக்கிறதா என்றும் பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.


முனைக்காற்று:

பருத்தித்துறையில் இருந்து எழுதுகிறேன். நல்லூர்வாசி, உங்கள் பையில் ஒரு பொருள் வரவில்லை என்று நினைக்கிறேன். குவெஸ்ட் 2 இன் பெட்டியில், முகத்தில் படும் பஞ்சின் வடிவத்திலேயே ஒரு மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் தனியாக வரும். பஞ்சை உருவி, அந்தச் சட்டத்தை ஹெட்செட்டில் பொருத்தி, அதன்மேல் பஞ்சை மீண்டும் போட்டால், கண்ணாடிக்கும் ஹெட்செட்டின் வில்லைக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளி கூடும். உங்கள் அண்ணன் கண்ணாடி போடாதவர் என்றால் அது ரொறன்ரோவில் ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஒரு கடித உறைக்குள் வைத்து அனுப்பக்கூடிய பொருள்தான். பார்வைப் பரப்பு சற்றுச் சுருங்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

கீறல் ஏன் நடுவில் விழுந்தது என்றால், உங்கள் கண்ணாடியின் முன்புறமும் ஹெட்செட்டின் வில்லையும் ஒன்றையொன்று நோக்கிப் புடைத்திருப்பதால், முட்டினால் நடுவில்தான் முட்டும். ஹெட்செட்டின் வில்லை பிளாஸ்டிக். விழுந்த கீறல் போகாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது அந்த இடத்தில் ஒரு சிறு ஒளிக்கீற்று தெரியும். பற்பசை தேய்த்தால் போகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம்.

மாட்டும் முறையும் முக்கியம். முதலில் முன்பகுதியைக் கண்ணாடியின் மேல் நேராக வைத்து, அதன்பின் பட்டியைப் பின்தலைக்கு இழுங்கள். கழற்றும்போது முன்பகுதியை நேராக முன்னோக்கி நகர்த்தி எடுங்கள். தொப்பியைக் கழற்றுவதுபோல் மேல்நோக்கி இழுத்தால் கண்ணாடியும் சேர்ந்து வரும்.

எங்கள் பக்கத்தில் சோளகம் வீசும் மாதங்களில் கதவைப் பூட்டி வைத்தாலும் மேசையில் மண் படியும், கடற்கரை வீடுகளில் உப்பும் சேரும். அந்தத் தூசியோடு சேட்டு நுனியால் துடைப்பது அரத்தால் தேய்ப்பதற்குச் சமம். காற்றுப் பந்தால் ஊதிவிட்டு, உலர்ந்த மைக்ரோபைபர் துணியால் நடுவில் இருந்து வெளிநோக்கித் துடையுங்கள். ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ ஹெட்செட்டின் வில்லைக்கு ஆகாது.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விளையாடி முடித்த கையோடு, வில்லைகள் மேலே பார்க்கும்படி ஹெட்செட்டை விறாந்தைக் குந்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது வெயில் குந்துக்கு வந்திருந்தது. அந்த வில்லை வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிட்டது. வலது கண்ணில் மிளகு அளவில் மஞ்சள் விளிம்போடு ஒரு கறுப்புப் புள்ளி இன்றும் இருக்கிறது. வில்லைகளை மூடும்படி ஒரு துணியைச் செருகி வைக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.


கொக்குவில் பட்டறை:

கண்ணாடியே வேண்டாம் என்றால், பவர் வில்லைகளை ஹெட்செட்டுக்கு உள்ளேயே பொருத்தலாம். வெளிநாடுகளில் இதற்கென்று செய்து விற்கிறார்கள்; குவெஸ்ட் 3 வெளிவந்த 2023 இல் மெட்டாவே சென்னி என்ற கண்ணாடி நிறுவனத்தோடு சேர்ந்து அதற்கான வில்லைகளை விற்றது. இங்கே வரவழைக்கக் காலமும் செலவும் ஆகும் என்பதால், நான் வளையங்களை முப்பரிமாண அச்சில் எடுத்து, கடையில் கொடுத்து வில்லைகளை வட்டமாக வெட்டிப் போட்டேன். மூக்குக் குழி இல்லை, கீறல் பயம் இல்லை, பார்வைப் பரப்பும் குறையவில்லை.

சிக்கல் வந்தது சிலிண்டரில்தான். வட்டமான வில்லை வளையத்துக்குள் சுழலும்; சிலிண்டருக்கு அக்சிஸ் பாகை, அதாவது வில்லை நிற்க வேண்டிய கோணம், சரியாக இருக்க வேண்டும். என்னுடையது ஒரு கிழமைக்குள் ஏறத்தாழ 20 பாகை திரும்பிவிட, கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோனேன். வளையத்தில் ஒரு சிறு பள்ளமும் வில்லையின் ஓரத்தில் ஒரு குறியும் வைத்த பின்புதான் சரிவந்தது. இன்னொன்று, பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். மத்தியான வெயிலில் பூட்டி நின்ற காருக்குள் விட்ட என் முதல் சோடி வளையங்கள் உளுந்துவடை போல நெளிந்துவிட்டன.

வீட்டில் பலர் மாறி மாறி விளையாடுவதென்றால் இந்த முறை தொந்தரவு. உங்கள் அப்பா மாட்டும்போது ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்.


ஏழாலை அம்மா:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கண்ணாடி போடும் என் மகளுக்கு ஒன்பது வயது. மாமா வீட்டில் இதை மாட்டிப் பார்க்கிறாள், கொடுக்கலாமா? வேலைக்குப் போகும்போது கொன்டாக்ட் லென்ஸ் போடும் நான் அதோடு இதை மாட்டலாமா?


கண்ணாடிக்கடை ஐயா:

தங்கச்சி, மெட்டா தன் ஹெட்செட்டுகளுக்கு வைத்திருக்கும் கீழெல்லை 10 வயது. 2023 வரை அது 13 ஆக இருந்தது. பிளேஸ்டேஷன் விஆர்2 க்கு 12. ஆகவே பிள்ளைக்கு இப்போது வேண்டாம். பிறகு கொடுத்தாலும் வளர்கின்ற பிள்ளையின் பவர் அடிக்கடி மாறும் என்பதால் தனி வில்லைகளுக்குச் செலவழிக்க வேண்டாம், கண்ணாடியோடு விளையாடட்டும். நீங்கள் கொன்டாக்ட் லென்ஸோடு மாட்டலாம், இடைஞ்சல் எதுவும் இல்லாத வழி அது. ஆனால் திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து லென்ஸ் உலரும். உலர்ந்துவிட்டதே என்று கிணற்றுத் தண்ணீரிலோ குழாய்த் தண்ணீரிலோ கழுவிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடிய அமீபா வகை ஒன்று கருவிழியையே கெடுத்துவிடும். அதற்குரிய திரவம் மட்டும்தான்.


நல்லூர்வாசி:

அளந்து பார்த்தேன், ஐயா. நீங்கள் சொன்னதுபோலவே கையில் 140 என்று இருந்தது. உண்மையான அகலம் 147 மில்லிமீற்றர். அலுமாரியில் பல்கலைக்கழகக் காலத்துக் கண்ணாடி ஒன்று கிடந்தது. சிறிய வட்டப் பிரேம், அகலம் 131, உயரம் 40. ஆனால் பவர் குறைவு: வலது மைனஸ் 3.25, இடது மைனஸ் 3.75, சிலிண்டர் இப்போது உள்ளதுதான்.


கண்ணாடிக்கடை ஐயா:

அதைத்தான் எதிர்பார்த்தேன். விம்பம் 1.3 மீற்றரில் நிற்கிறது என்றால், எல்லையில்லாத் தூரத்துக்கு வேண்டிய பவரில் இருந்து ஏறத்தாழ 0.75 ஐக் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு மைனஸ் 3.00 உம் 3.50 உம் இருந்தாலே போதும். பழைய கண்ணாடி அதைவிடக் கால் பவர் கூட. தாராளமாகப் போட்டு விளையாடுங்கள், ஆனால் அதோடு மோட்டார் சைக்கிளில் ஏறவேண்டாம். ஹெட்செட்டின் வில்லைகளைக் கையால் நகர்த்தி 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்று நிலைகளில் வைக்கலாம் என்கிறார்கள். அது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம். உங்கள் கண் பரிசோதனைத் துண்டில் அந்த அளவு எழுதப்படாமல் இருந்தால், எந்தக் கண்ணாடிக் கடையிலும் ஒரு நிமிடத்தில் அளந்து தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.


நல்லூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. கடையில் அளந்தபோது 64 வந்தது. ஹெட்செட் இவ்வளவு நாளும் 68 இல் இருந்திருக்கிறது. 63 இல் வைத்து, பழைய வட்டக் கண்ணாடியோடு மாட்டினேன். பஞ்சு பிரேமைத் தொடவே இல்லை, மெனுவின் சிறிய எழுத்துகள்கூட ஓரம் வரை தெளிவாக இருந்தன. சட்டம் தன் லாச்சிக்குள்தான் கிடக்கிறது என்று அண்ணனும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுவாராம். அதுவரை கண்ணாடியின் மூக்குத் தாங்கிகளைச் சற்று விரித்து, முகத்தோடு நெருக்கி வைத்திருக்கிறேன்.

புதிதாக ஒரு தொல்லை மட்டும் உண்டு. மழை தொடங்கியதில் இருந்து, மாட்டிய இரண்டாவது நிமிடத்தில் கண்ணாடியில் பனிபோலப் புகார் படிந்துவிடுகிறது.


முனைக்காற்று:

விளையாடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பே ஹெட்செட்டை இயக்கி விடுங்கள், வில்லைகள் தாமாகவே சூடேறிவிடும். மேசைக் காற்றாடியை முகத்துக்கு நேரே வையுங்கள். பஞ்சின்மேல் சிலிக்கன் உறை போட்டிருந்தால் அது காற்றை அடைக்கும். மூக்கின் பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள். சட்டம் வந்து சேர்ந்தால் காற்றுக்கு இன்னும் கொஞ்சம் வழி கிடைக்கும்.