ஜெண்டர் ஐடென்டிட்டி: ‘பாலின அடையாளம்’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் பாடநூல் கலைச்சொல் பட்டியலுக்காக இதை எழுதுகிறேன். ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வேறாகவோ உள்ளூர அறிவதே ஜெண்டர் ஐடென்டிட்டி. அதற்குப் ‘பாலின அடையாளம்’ என்ற சொல் செய்தித்தாள்களில் ஊன்றிவிட்டது. பொதுப் புழக்கத்தில் அதை அசைக்க வேண்டியதில்லை. ஆனால் உடலியலுக்கும் வளர்ப்புக்கும் இதில் என்ன பங்கு என்று பாடம் எழுதும்போது அச்சொல் இடறுகிறது. அடையாளம் என்றால் பிறர் கண்ணுக்குப் படும் குறி. அங்க அடையாளம், அடையாள அட்டை என்றுதான் பழகியிருக்கிறோம். இங்கே பெயரிட வேண்டியதோ, அவரே சொன்னாலன்றிப் பிறருக்குத் தெரியாத ஒன்று.

5-ஆல்ஃபா ரிடக்டேஸ் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். குரோமோசோம் எக்ஸ்-ஒய், ஆணுக்கு வழக்கமானதுதான். விந்தகம் உண்டு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் இந்த நொதிதான் சரியாக வேலை செய்வதில்லை. கருவில் வெளியுறுப்பு ஆணுறுப்பாக உருப்பெற இந்த இரண்டாவது ஹார்மோன் வேண்டும். அது கிடைக்காததால் குழந்தை பெரும்பாலும் பெண்ணென்று பதிவாகிறது, பெண்ணாகவே வளர்கிறது. பூப்புப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும்போது குரல் தடிக்கிறது, தசை கூடுகிறது, உறுப்பும் வளர்கிறது. டொமினிக்கன் குடியரசில் இப்படிப் பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரைப் பற்றி 1979இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் தம்மை ஆணாக உணர்ந்தவர் 17 பேர். ஆணாக வாழத் தொடங்கியவர் 16 பேர். ஆணாக உணர்ந்தும் ஆணாக வாழாத அந்த ஒருவரை எழுதிக்காட்ட இரண்டு தனிச்சொற்கள் வேண்டும். ‘பாலின அடையாளம்’ இரண்டுக்கும் பொருந்திப்போவதுதான் சிக்கல்.

என் முன்மொழிவு: உள்ளே உணர்வது ‘பாலினத் தன்னுணர்வு’. ஊரறிய வாழ்வது ‘பாலின வாழ்முறை’. பிறப்புச் சான்றிதழில் ஏறுவது ‘பதிவுப் பால்’. பெற்றோர் வளர்த்த விதம் ‘வளர்ப்புப் பால்’.

முன்பு இங்கே வந்த மற்றச் சொற்களை ஏன் விட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘பாலுணர்வு’ காம உணர்வைக் குறித்துப் பழகிவிட்டது. ‘தன்பாலுணர்வு’ என்றால் தன்பாலீர்ப்பு என்றே படிப்பார்கள். ‘மனப்பால்’ சுருக்கமானது, ஆனால் மனப்பால் குடிப்பது என்ற வழக்கு இருக்கும்வரை அச்சொல் உரியவர்களுடைய உணர்வை வெறுங்கற்பனை என்று இழித்துவிடும். ‘பால்தேர்வு’ அறவே கூடாது. யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை.

---

> உள்ளே உணர்வது ‘பாலினத் தன்னுணர்வு’

ஐயா, வணக்கம். பிரிப்பு சரி. ‘உணர்வு’ மட்டும் உறுத்துகிறது. உணர்வு வரும், போகும் என்பதுதான் நம் பேச்சு. இதுவோ எளிதில் அசைவதில்லை.

கனடாவில் 1965இல் பிறந்த டேவிட் ரைமர் எட்டு மாதக் குழந்தையாக இருக்கையில், நுனித்தோல் அறுவையில் ஆணுறுப்பு கருகிப்போனது. வளர்ப்பே தீர்மானிக்கும் என்று நம்பிய உளவியலாளர் ஜான் மணியின் அறிவுரைப்படி பெண்ணாக வளர்த்தார்கள். வளரிளம் பருவத்தில் பெண் ஹார்மோனும் கொடுத்தார்கள். பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். 1997இல் இது மருத்துவ இதழில் வெளியானபோது, ‘வளர்ப்பே எல்லாம்’ என்ற கொள்கை ஆட்டங்கண்டது.

அதற்காகப் ‘பிறவியே எல்லாம்’ என்ற மறுகோடிக்கு ஓடவும் முடியாது. கனடாவிலேயே இன்னொரு குழந்தைக்கு இரண்டு மாதத்தில் இதே விபத்து. ஏழு மாதத்தில் பெண் என்று மாற்றினார்கள். 26 வயதிலும் அவர் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார் என்று 1998இல் பதிவாகியிருக்கிறது. எக்ஸ்-ஒய் குரோமோசோமுடன் அடிவயிற்றுச் சுவர் மூடாமல் பிறந்து, பெண்ணென மாற்றப்பட்ட 14 பேரைப் பற்றிய 2004ஆம் ஆண்டு ஆய்வில், தாம் ஆண் என்று சொன்னவர்கள் எட்டுப் பேர். பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

ஆகவே சொல்லில் ‘பிறவி’யும் ஏறக்கூடாது, ‘வளர்ப்பு’ம் ஏறக்கூடாது. ‘பாலினத் தன்னிலை’ என்று வைத்தால் என்ன? நிலை என்பதில் உறுதி இருக்கிறது. தன்னிலை விளக்கம் என்ற வழக்கால், அவரே சொல்ல வேண்டியது என்ற பொருளும் கூடவே வருகிறது.

---

> ‘பாலினத் தன்னிலை’ என்று வைத்தால் என்ன?

அருமையான சொல், அம்மா. வழிமொழிகிறேன். சொல்லோடு வினையையும் திருத்த வேண்டும். டொமினிக்கன் ஆய்வில் வரும் 17 பேரை ‘ஆணாக மாறினர்’ என்று எழுதினால் தன்னிலை மாறியதா, வாழ்முறை மாறியதா என்று தெரியாது. ‘தம்மை ஆணாக உணர்ந்தனர்’, ‘ஆணாக வாழத் தொடங்கினர்’ என்று பிரித்தே எழுத வேண்டும்.

‘வாழ்முறை’க்குள் எல்லாவற்றையும் திணிக்கவும் கூடாது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற சுரப்பிக் குறைபாடு ஏறத்தாழ 15,000 பிறப்புக்கு ஒன்று. இதில் எக்ஸ்-எக்ஸ் குரோமோசோம் கொண்ட பெண் கரு, டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோனான ஆண்ட்ரோஜன் மிகுந்த சூழலில் வளர்கிறது. இந்தச் சிறுமிகளுக்கு வண்டி, கட்டுமானப் பொருள் போன்ற விளையாட்டுகளில் நாட்டம் தெளிவாகவே கூடுகிறது. ஆனால் பெண்ணாக வளர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்கிறார்கள். ஒரே ஹார்மோன் நாட்டத்தை நன்றாக அசைக்கிறது, தன்னிலையை அந்த அளவு அசைப்பதில்லை. இதை ‘விளையாட்டு நாட்டம்’ என்றே எழுதுவோம். ‘பாலின நாட்டம்’ என்றால் யார்மீது ஈர்ப்பு என்ற பொருளில் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இதுவரை நாம் பேசிய மக்கள் ஊடுபால் உடலோடு, அதாவது ஆண் பெண் என்ற வழக்கமான பிரிவில் தெளிவாக அடங்காத உடலோடு பிறந்தவர்கள், அல்லது விபத்துக்குள்ளானவர்கள். பதிவுப் பாலும் தன்னிலையும் வேறுபடும் திருநர் பெரும்பாலோருக்கு இந்தக் குறைபாடுகள் எதுவும் இல்லை. ஒன்றின் சான்றை மற்றதற்கு அப்படியே ஏற்றுவது பாடநூலில் நடக்கவே கூடாத பிழை.

பட்டியலுக்கு என் வரைவு: ‘பாலினத் தன்னிலை – ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ இரண்டும் அல்லர் என்றோ உள்ளூர அறிந்திருக்கும் நிலை. உடலமைப்பு, பதிவுப் பால், வளர்ப்புப் பால், வாழ்முறை, ஈர்ப்பு ஆகியவற்றினின்று வேறானது.’ இரண்டு மூன்று வயதுக் குழந்தை ‘நான் பையன்’, ‘நான் பொண்ணு’ என்று சொல்லப் பழகுவதற்குப் ‘பாலறிகை’ என்று தனிப்பதிவு போடலாம். உடை மாற்றினாலும் பால் மாறாது என்பது பல குழந்தைகளுக்கு ஆறேழு வயதில்தான் பிடிபடுகிறது. அதையும் அந்தப் பதிவிலேயே சேர்க்கலாம்.