லேன்சருக்கு பைபர் டிக்கி மூடி போட்டேன், திறந்தால் துள்ளுகிறது: ஸ்பிரிங்கைத் தளர்த்துவது எப்படி?

வில்லிவாக்கம் லேன்சர்:
வணக்கம். என்னுடையது 2003 மாடல் மிட்சுபிஷி லேன்சர் கார், பெட்ரோல். நம்பர் பிளேட்டுக்கு மேலே டிக்கி மூடி துருப்பிடித்து, மூன்று முறை டிங்கர் வேலை பார்த்தும் பொத்தல் நிற்கவில்லை. அதனால் அதே அளவில் பைபர் மூடி ஒன்று செய்து வாங்கிப் போட்டேன். வண்டி எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கும் போகும், எடை குறைந்தால் லாபம்தானே என்று நினைத்தேன். காயலான் கடைத் தராசில் பழைய மூடி 12.8 கிலோ, புதியது 6.1 கிலோ.

இப்போது சாவியைத் திருப்பினால் மூடி துள்ளி எழுந்து கடைசியில் போய் 'டம்' என்று இடிக்கிறது. மூடுவதற்கு இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். அழுத்துகிற இடத்தில் பெயின்ட்டில் மயிரிழை விரிசல் வந்துவிட்டது. இது போதாது என்று இடது பக்கம், பின் கண்ணாடி ஓரத்தில் இடைவெளி. போன வார மழையில் ஸ்டெப்னி குழியில் ஒரு சொம்பு தண்ணீர்.

உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறுக்குக் கம்பிகள் இருக்கின்றன. ஒரு மெக்கானிக் ஒன்றைக் கழற்றிவிடச் சொன்னார். இன்னொருவர் கேஸ் வைத்துச் சூடு காட்டித் தளர்த்தலாம் என்றார். எதைக் கேட்பது?

ஓஎம்ஆர் வண்டிக்காரன்:
ப்ரோ, ஒன்றைக் கழற்றிவிடுங்கள். எடை பாதி, கம்பியும் பாதி. கணக்கு சரியாக வரும். அஞ்சு நிமிஷ வேலை.

பழைய பானட்:
தம்பி, கணக்கு சரி, வேலை தப்பு. அந்தக் கம்பிகள் ஆளுக்கு ஒரு கீலைத்தான் தள்ளும். இடது கீலைத் தள்ளும் கம்பியின் மறுமுனை வலது பக்கம் மாட்டியிருக்கும், மற்றது அதற்கு நேர்மாறு. ஒன்றை எடுத்தால் மூடியை ஒரு ஓரத்தில் மட்டும் தூக்குகிற மாதிரி ஆகும். இரும்பு மூடி அதைத் தாங்கும். பைபர் முறுக்கிக்கொள்ளும். அதுவும் சித்திரை வெயிலில் திறந்த பார்க்கிங்கில் நாள் முழுக்கக் காய்ந்தால், அந்த முறுக்கு அப்படியே நிலைத்துவிடும். அப்புறம் மூடி ஓரத்தை அடைக்கும் எந்த பீடிங் ரப்பரும் தண்ணீரைத் தடுக்காது.

சூடு காட்டச் சொன்னவர் பக்கமே போகாதே. ஸ்பிரிங் எஃகுக்குப் பதம்தான் உயிர். சூடு பட்ட இடம் மென்மையாகி எங்கே வளையும், எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாது.

உன் மூடியின் கனம் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள். 6.7 கிலோ குறைந்திருக்கிறது. கீலிலிருந்து தூரத்தில் இருக்கும் பூட்டு ஓரத்தில் அதில் பாதி, அதாவது சுமார் மூன்றேகால் கிலோ, சும்மாவே மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். நீ அழுத்துவது அதைத்தான்.

கம்பியின் முனை உட்காரும் பட்டையைப் பார். பல வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் இருக்கும். முறுக்கு குறைகிற பக்கத்துப் பள்ளத்துக்கு இரண்டு கம்பியையும் ஒரே அளவு நகர்த்து. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வைக்காதே.

நகர்த்துவதற்கு முன் மூடியை முழுக்கத் திற. முறுக்கு அப்போதுதான் குறைவாக இருக்கும், ஆனால் பூஜ்யம் இல்லை. கம்பி விடுபட்டதும் மூடி தலையில் விழும், அதனால் கட்டையால் முட்டுக் கொடு, கூட ஒரு ஆளையும் நிறுத்து. முனையை வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) கெட்டியாகப் பிடித்து அல்லது நீளமான பைப்பைச் செருகி மெதுவாக நகர்த்து. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மூக்கை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடு, முகத்தைக் கம்பிக்கு நேராக வைக்காதே. முதலில் பழைய இடத்தில் பெயின்ட் பொட்டு வை. ஒரு கம்பியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு.

வில்லிவாக்கம் லேன்சர்:
நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை செய்தேன், தம்பி மூடியைப் பிடித்துக்கொண்டான். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசைப் பூட்டு ஓரத்தில் மாட்டி, பாதி திறந்த நிலையில் கீழே இழுத்து அளந்தேன். முன்பு 4.8 கிலோ. ஒரு பள்ளம் இறக்கியதும் 3.5. அடுத்ததற்கு இறக்கியதும் 2.3. கடைசிப் பள்ளத்தில் மூடி ஒரு விரலுக்கு இறங்குகிறது, பஞ்சு மாதிரி. சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

இடது மூலை இடைவெளி மட்டும் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. அதுவும் ஸ்பிரிங்கால்தானா?

பழைய பானட்:
இடது மூலைக்கு வேறு காரணம் இருக்கும். கீல் போல்ட்டைக் கழற்றி, அடியில் பைபர் எவ்வளவு தடிமன் என்று இரண்டு பக்கமும் பார். உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்களா என்றும் பார்.

வில்லிவாக்கம் லேன்சர்:
பார்த்தேன். இடதில் வலதைவிட இரண்டு மில்லி தடிமன் அதிகம், தகடும் இல்லை. போல்ட்டை இறுக்கிய இடத்தில் பைபர் நசுங்கத் தொடங்கியிருக்கிறது. செய்து கொடுத்தவரிடம் கேட்டால், 'கை வேலை, அப்படித்தான் வரும்' என்கிறார்.

இது இருக்கட்டும். நேற்று ஈசிஆரில் கோவளம் பக்கம் நிறுத்தி டிக்கியிலிருந்து தண்ணீர் கேன் எடுத்தேன். கடல் காற்று ஒன்று அடித்தது, மூடி வந்து முதுகில் இறங்கியது. பைபர் என்பதால் பிழைத்தேன். அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பழைய பானட்:
சிரிக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். இலேசான மூடி பாய்மரம் மாதிரி. இரும்பு மூடியை அசைக்காத காற்று இதைப் புரட்டிவிடும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் முறுக்கு இருக்கத்தான் வேண்டும். நடுப் பள்ளத்துக்கே போ. துள்ளிப் போய் இடிப்பதைத் தடுக்க, உள்ளே ஒரு பக்கம் தடிமனான நைலான் பெல்ட் போட்டு, முழுத் திறப்புக்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கிற மாதிரி கட்டு.

கீலுக்கு, போல்ட் ஓட்டைகளோடு இரண்டு பக்கமும் 3 மில்லி இரும்புத் தகடு வெட்டி உள்பக்கம் வை, பாரம் பரவும். இடதில் அதிகமாக இருக்கும் பைபரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வலதோடு சமமாக்கு. போல்ட்டை இறுக்கு, ஆனால் நசுங்கும்வரை இறுக்காதே. மூடியின் இரண்டு மூலையிலும் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் திருகி உயரம் சரிசெய். பூட்டின் கொக்கியைக் கடைசியில் தொடு. ஸ்பிரிங் வேலை முடியாமல் அதைத் தொட்டால் இரண்டு வேலை. ரோட்டில் ஓடும்போது கொக்கி விட்டால் இந்த மூடி திறந்துகொள்ளும், அதனால் பூட்டு முழுக்கப் பிடிக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்.

அடையாறு 98:
ஒரு தகவல். பள்ளம் போதவில்லை என்றால் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். அதே நீளம், அதே கொக்கி வளைவு, ஆனால் கனம் குறைந்த கம்பி கிடைத்தால் அதுதான் சரியான வழி. முறுக்குக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். 7 மில்லிக்குப் பதில் 6 மில்லி போட்டால் ஏறக்குறைய பாதியாகிவிடும். கையில் விட்டம் அளக்க வெர்னியர் எடுத்துப் போங்கள், கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்பார்.

வில்லிவாக்கம் லேன்சர்:
நடுப் பள்ளம், பெல்ட், தகடு மூன்றும் முடிந்தது. இடைவெளி இப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவு. டிக்கிக்குள் டார்ச்சோடு என் தம்பியை உட்கார வைத்து, வெளியில் ஹோஸ் பிடித்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடித்தேன். ஒரு சொட்டு இல்லை. பழைய இரும்பு மூடியை என்ன செய்வது, காயலானுக்கே போட்டுவிடவா?

பழைய பானட்:
போடாதே. நாளைக்கு ஸ்பாய்லர் வாங்குவாய், கனம் ஏறும், மறுபடி இங்கேதான் வருவாய். அது பரணில் இருக்கட்டும்.