அப்பாட படத்தில நிக்கிற எஞ்சின் எது? பழைய ரெயில்வே சாமான்களை யாருக்குக் குடுக்கலாம்?

கல்லடி மகள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பா மட்டக்களப்பு ஸ்டேஷனில கனகாலம் வேலை செய்தவர். ஆண்டுத் திவசம் முடிஞ்ச பிறகு அவர்ட தகரப் பெட்டியைத் திறந்தோம். 78 சூறாவளியில கூரை பறந்தபோதும் அம்மா கட்டிலுக்குக் கீழ தள்ளிக் காப்பாத்தின பெட்டி அது.

உள்ளுக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படம். டீசல் எஞ்சினுக்கு முன்னால அப்பாவோட மூணு பேர் நிக்காங்க. எஞ்சின் இலக்கத்தில 56 வரைக்கும் தெரியுது, கடைசி இலக்கத்தை ஒருத்தர்ட தொப்பி மறைக்குது. பக்கத்துப் பெயர்ப்பலகையில ஆங்கில ஓ, என் ரெண்டு எழுத்து மட்டும் வாசிக்கலாம். படத்துக்குப் பின்னால அப்பாட கையெழுத்து: "லண்டன் எஞ்சின்". இது எந்த எஞ்சின்?

மற்றது, சாமான்கள். மூணு நிறம் காட்டுற கைவிளக்கு ஒண்டு (அடியில சீ.ஜீ.ஆர். எண்டு குத்தியிருக்கு), விசில், பெரிய வளையம் வைச்ச தோல் பை, சப்பாத்துப் பெட்டி நிறைய மட்டை டிக்கட். பழைய இரும்புக்காரர் வந்து நிறுத்துப் பார்த்து விலை சொன்னார். எனக்கு மனம் வரல்ல. காசு வேணாம், அருமை தெரிஞ்ச ஆக்களுக்குச் சும்மாவே குடுக்கிறன்.

ஏறாவூரான்

அக்கா, லண்டன் எண்டா இங்கிலாந்துதானே. அப்ப இது எம்1 வகுப்பு எஞ்சின். பிரஷ் பாக்னல் கம்பனி செய்தது, 1950களின் தொடக்கத்தில வந்த 25 எஞ்சின்கள், இலக்கம் 539 தொடக்கம் 563 வரை. உங்கட படத்தில 56 தெரியிறதால 560க்கும் 563க்கும் இடையில ஒண்டு. விளக்கில சீ.ஜீ.ஆர்., அதாவது சிலோன் கவர்மெண்ட் ரெயில்வே எண்டு இருந்தா 1972க்கு முந்தினது. நாடு 'சிலோன்' எண்ட பேரை விட்டது அந்த வருஷம்தான்.

பழைய கார்ட்

விளக்கைப் பற்றித் தம்பி சொன்னது சரி. எஞ்சின் அது இல்ல.

எம்1 செய்தது இங்கிலாந்தில ஸ்டாஃபர்ட் எண்ட ஊரில. லண்டனில இல்ல. மகள், உங்கட அப்பா எழுதின லண்டன் கனடாவில இருக்கு. ஒன்ராறியோ மாகாணத்தில லண்டன் எண்டு ஒரு நகரம், ஜெனரல் மோட்டர்ஸின் டீசல் எஞ்சின் தொழிற்சாலை இருந்த இடம். கொழும்புத் திட்ட உதவியில 1954இல அங்கிருந்து வந்ததுதான் எம்2. முதல் வந்த அஞ்சுக்கும் கனடா மாகாணங்களின் பேர். 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 571 சஸ்கட்சுவான், 572 பிரிட்டிஷ் கொலம்பியா, 573 கியூபெக். 56இல தொடங்கி, பேரும் ஓ, என் எண்டு தொடங்கினா அது 569 தவிர வேற இல்ல.

2004 சுனாமியில தெற்குக் கரையோரம் பெரலியவில அகப்பட்ட கோச்சியை (ரெயிலை) இழுத்துப் போனதும் இந்த வகுப்புத்தான், 591 மனிடோபா. அதைத் திருத்தி மறுகா பாதையில ஓட விட்டாங்க. 12 சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அந்தச் சத்தம் ஒருக்காக் காதில விழுந்தா மறக்காது.

இப்ப நான் ஒண்டு கேக்கிறன். அந்தத் தோல் பைக்குள்ள கையை விட்டுப் பார்த்தீங்களா?

கல்லடி மகள்

ஐயா, ஒன்ராறியோவா! என்ட தங்கச்சி இருக்கிறதே அங்கதான். இப்பவே படத்தை அவளுக்கு அனுப்புறன்.

ஓம், பைக்குள்ள உள்ளங்கையளவு வட்டத் தகடு ஒண்டு இருக்கு. ரெண்டு ஸ்டேஷன் பேர் வெட்டியிருக்கு. இதையும் குடுக்கலாமா?

பழைய கார்ட்

அதை மட்டும் யாருக்கும் குடுக்க வேணாம் மகள். அதுதான் டப்லட். ஒற்றைப் பாதையில அந்தத் தகடு கைக்கு வராமல் டிரைவர் ஸ்டேஷனை விட்டுக் கோச்சியை எடுக்க ஏலா. ரெண்டு ஸ்டேஷனிலயும் டப்லட் வைச்சிருக்கிற பெட்டிகள் மின்கம்பியால ஒண்டோடொண்டு பூட்டினது. ஒரு டப்லட் வெளிய வந்தா, அது எந்தப் பக்கமாவது திரும்பப் போடப்படும் வரைக்கும் மற்றது வெளிய வராது. ஒரே பாதையில ரெண்டு கோச்சி எதிரெதிரா வராமல் எத்தனையோ உயிரைக் காத்தது இந்தத் தகடு.

உங்கட அப்பா கைக்கு எப்படி வந்ததெண்டு கேக்கல்ல. ஆனா அது ரெயில்வே உடைமை. ஸ்டேஷன் மாஸ்டரிட்ட ஒரு கடிதத்தோட ஒப்படைச்சு, கையெழுத்து வாங்குங்க. மற்றவர் கையில போய் விலைக்கு வந்தா உங்கட அப்பாட பேருக்குத்தான் கெடுதி.

விளக்கையும் பையையும் கடுகண்ணாவ ரெயில்வே நூதனசாலைக்குக் குடுக்கலாம். இலங்கையில ரெயில் ஓடி 150 வருஷம் நிறைஞ்ச நாளில, 2014 டிசம்பர் 27இல திறந்தது. முதல் எழுதிக் கேட்டுட்டு அனுப்புங்க.

ஏறாவூரான்

ஐயா, 'லண்டன்' எண்ட ஒரு சொல்லை வைச்சே முடிவெடுத்துட்டன். திருத்தினதுக்கு நன்றி.

அக்கா, குடுக்க முந்தி சில வேலை. பித்தளையை பிராசோ போட்டு மினுக்க வேணாம், குத்தின எழுத்துத் தேயும். டிக்கட்டை லெமினேட் பண்ணவும் வேணாம், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவும் வேணாம், ரப்பர் உருகி மட்டையில ஒட்டிரும். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாளில பென்சிலால எழுதி வைங்க: யார் பாவிச்சது, எந்த ஸ்டேஷன். படத்துக்குப் பின்னால அந்த ரெண்டு சொல் இல்லாட்டி ஐயாவும் லண்டனைப் பிடிச்சிருக்க மாட்டார்.

அக்கரைப்பற்று ஆசிரியர்

சகோதரி, ஒரு வேண்டுகோள். எங்கட பக்கம் தண்டவாளமே இல்ல, பாதை மட்டக்களப்போட முடியுது. என்ட வகுப்பில கோச்சியில ஏறாத பிள்ளைகள் பாதிக்கு மேல. மட்டை டிக்கட்டில ஒரு பத்து தந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில குடுத்து, திகதி குத்தின அடையாளத்தைத் தடவிப் பார்க்க வைப்பன். விரல் நீளத்து மட்டையில மூணு மொழியிலயும் ஊர்ப் பேர் இருக்கிறது அவங்களுக்குப் புதுசு.

கல்லடி மகள்

சேர், பத்து இல்ல, முப்பது எடுத்து வைச்சிருக்கன். ஒரே ஊர்ப் பேரில நாலைந்து இருக்கிறதுகளைத்தான் எடுத்தன், ஒற்றையா இருக்கிறது நூதனசாலைக்கு.

பழைய கார்ட் ஐயா, இண்டைக்குக் காலையில டப்லட்டைக் கடிதத்தோட குடுத்துட்டன். வாங்கினவர் அப்பாவைத் தெரிஞ்சவர். தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

விசிலை மட்டும் யாருக்கும் குடுக்கல்ல. அது மகன் கேட்டுட்டான். படத்துக்குப் பின்னால, அப்பாட எழுத்துக்குக் கீழ, பென்சிலால "569, ஒன்ராறியோ" எண்டு எழுதி வைச்சிருக்கன்.